காற்று கூடினால் ஆட்டம் நிற்குமா?

எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது அந்தப் பாலம் வந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்காவில் ஒரு தொங்கு பாலம் இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டு ஆடி, கடைசியில் நடுவில் ஒடிந்து தண்ணீரில் விழும். கீழே ஒரு விளக்கம் இருக்கும்: காற்றின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டன, அதனால் இடிந்தது, இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. பட்டாளத்துக்காரர்கள் பாலத்தில் போகும்போது ஏன் கால் மாற்றி நடக்கிறார்கள் என்பதையும் யாராவது சேர்த்துவிடுவார்கள். கும்பிடும் கைகள் நாலு விழும். அடுத்த செய்தி தங்கம் விலை.

போன மாதம் மறுபடி வந்தது. இந்தத் தடவை சும்மா இருக்க முடியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், குழுவில் போட முடியாத நீளத்துக்குப் போய்விட்டது. அதனால் இங்கே.

என் பிழைப்பே அதிர்வுதான். சிங்கப்பூரில் ஜூரோங் தீவில் இருக்கும் ஆலைகளுக்குப் போய், பம்ப், கம்ப்ரஸர், குழாய் என்று எது நடுங்குகிறதோ அதில் சென்சாரை ஒட்டி அளந்து, ஓடட்டுமா நிறுத்தலாமா என்று சொல்லும் வேலை. அதற்கு முன்னால் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் யார்டில் பைப் ஃபிட்டராக இருந்தேன். இயந்திரம் சுற்றுவதால் வரும் அதிர்வை எல்லாருக்கும் புரியவைத்துவிடலாம்: ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, பேரிங் போய்விட்டது என்றால் போதும். சுற்றுகிற பாகம் எதுவுமே இல்லாத இடத்தில், காற்றோ தண்ணீரோ சும்மா ஓடிப்போவதால் மட்டும் இரும்பு ஆடுகிறது என்றால்தான் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

நான் அதை முதன்முதலில் பார்த்தது யார்டில். பழைய டேங்கர் ஒன்றை எண்ணெய் உற்பத்திக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கப்பலில் ஃபிளேர் பூம் என்று ஒன்று உண்டு. வேண்டாத எரிவாயுவைக் கப்பலை விட்டுத் தள்ளி எரிப்பதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான இரும்புச் சட்டம். ஓரங்களில் தடித்த குழாய்கள் ஓடும், அவற்றைக் குறுக்கே இணைக்க மெல்லிய குழாய்கள் இருக்கும். மெல்லியவற்றை பிரேஸ் என்போம். பூமைத் தூக்கி மாட்டியாகிவிட்டது, பெயின்ட் வேலைதான் பாக்கி.

மத்தியானம் டீ நேரத்தில் பாரம் தூக்கி மாட்டும் ரிக்கர் வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருத்தன் ஓடிவந்தான்.

"அண்ணே, மேல ஒரு பைப்பு தானா ஆடுதுண்ணே. பேய் புடிச்ச மாதிரி இருக்கு, வந்து பாருங்க."

அண்ணாந்து பார்த்தோம். மற்றக் குழாய்களின் விளிம்பு வானத்துக்கு எதிரே கூர்மையாகத் தெரிந்தது. ஒன்றின் விளிம்பு மட்டும், அதுவும் நடுப்பகுதியில் மட்டும், மங்கலாக இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. ஹார்னஸ் மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறிப்போய்க் கையை வைத்தேன். உள்ளங்கையில் ஆரம்பித்து தோள் வரைக்கும் நடுங்கியது. ஆடிய தூரம் மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். பெரிய காற்றும் இல்லை. கீழே ஜலசந்தியில் அலை லேசாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கு விசித்திரமாகப் பட்டது இன்னொன்று. காற்று கடல் பக்கமிருந்து நேராக அடிக்கிறது. குழாய் அதன் போக்கில் முன்னும் பின்னும் ஆடவில்லை. காற்றுக்குக் குறுக்கே, மேலும் கீழுமாக ஆடியது.

சூப்பர்வைசர் சீனர், நல்ல வேலைக்காரர். அவருடைய முதல் யோசனை, இன்னொரு குழாயை வெல்டு பண்ணி முட்டுக் கொடுத்துவிடலாம் என்பது. பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். அதற்குள் மழை வந்து எல்லாரும் இறங்கிவிட்டோம்.

சில நாள் கழித்து நைட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சுமத்ரா காற்று வந்தது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், விடியும் முன்னால் மேற்கிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, ஜன்னலையெல்லாம் அறைந்துவிட்டுப் போகும். மின்னல் எச்சரிக்கை ஒலித்ததும் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கொட்டகைக்குள் நின்றோம். தார்ப்பாய்கள் பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. இன்றைக்கு அந்த பிரேஸ் அறுந்தே விழும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபிளட்லைட் வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் அதன் மேல். அது அசையவே இல்லை. மத்தியானத் தென்றலுக்கு ஆடிய குழாய், தார்ப்பாயைக் கிழிக்கிற காற்றுக்கு அப்படியே நின்றது.

ரிக்கர் தம்பி பயந்தே போனான். எனக்கு அன்றைக்குத்தான் இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்தது.

கணக்கு எளிது. காற்றோ தண்ணீரோ ஒரு உருண்டையான தடுப்பைத் தாண்டிப் போகும்போது, பின்பக்கம் அதை ஒட்டியே வளைந்து போக முடியாமல் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் சுழல்கள் உருவாகும். ஒரு சுழல் மேல்பக்கம் கழன்று போகும், அடுத்தது கீழ்ப்பக்கம், மறுபடி மேலே. ஒவ்வொன்று கழலும்போதும் அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்து குழாயை இழுக்கும். அதனால்தான் ஆட்டம் காற்றுக்குக் குறுக்கே வருகிறது. எத்தனை வேகமாகச் சுழல்கள் கழல்கின்றன என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. காற்றின் வேகத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்து, ஏறக்குறைய 0.2ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை ஜோடி என்று வந்துவிடும். செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் கம்பிகளைக் காற்றில் சுழற்றி, எழும் ஓசையின் சுருதியை அளந்தார். கம்பி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கும் ஓசைக்கும் சம்பந்தமில்லை, வேகமும் தடிமனும்தான் தீர்மானிக்கின்றன என்று கண்டார்.

எங்கள் பிரேஸுக்கு வருவோம். விட்டம் 220 மில்லிமீட்டர் பக்கம், நீளம் 12 மீட்டர். இரண்டு முனையும் வெல்டு பண்ணின அந்த அளவுக் குழாயைத் தட்டிவிட்டால் வினாடிக்கு ஏழு தடவை போல ஆடும். சுழல்களும் வினாடிக்கு ஏழு ஜோடி கழல வேண்டுமென்றால் காற்று எவ்வளவு வேகம்? 7ஐ 0.22ஆல் பெருக்கி 0.2ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். கப்பலின் மேல்தளத்துக்கும் மேலே, அந்த உயரத்தில், துவாஸில் மத்தியானக் கடற்காற்று சாதாரணமாகத் தொடுகிற வேகம். சுமத்ரா காற்று அதைப்போல இரண்டு மடங்கு. அப்போது சுழல்கள் வினாடிக்குப் பதினாலு ஜோடி கழல்கின்றன, குழாய் அதற்கு மசியவில்லை.

இதில் இன்னொரு குறும்பு உண்டு. குழாய் ஆட ஆரம்பித்துவிட்டால், காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சுழல்கள் தங்கள் தாளத்தை விட்டுவிட்டுக் குழாயின் தாளத்துக்கு வந்துவிடும். இப்படிப் பிடித்துக்கொள்வதால், 28 கிலோமீட்டர் என்ற ஒரே ஒரு புள்ளியில் நிற்காமல் அதைச் சுற்றி ஒரு ஜன்னல் அளவுக்கு ஆட்டம் நீடிக்கும். அந்த ஜன்னலைத் தாண்டினால் பிடி விட்டுப்போகும்.

ஆடினால் என்ன, ஒடியவில்லையே என்று கேட்கலாம். வினாடிக்கு ஏழு என்றால் ஒரு நாளைக்கு ஆறு லட்சம். காற்று விடாமல் அடித்தால் நாலு நாளைக்குள் இருபது லட்சம் தடவை அந்த வெல்டு இப்படியும் அப்படியும் வளைந்திருக்கும். இரும்பு களைத்துப்போக அது தாராளம். கப்பல் யார்டை விட்டுக் கிளம்பும் முன்பே விரிசல் விழுந்துவிடும்.

முட்டுக் கொடுக்கவில்லை. போசனாக, அதாவது கப்பல் மேல்தள ஆட்களுக்குத் தலைவராக, இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், கயிறு சுற்றினால் போதும் என்றார். கப்பலில் இழுத்துக்கட்டும் பழைய கயிறு. பிரேஸின் நடுப்பகுதியில் மூன்று கயிற்றைச் சம இடைவெளியில் சுருளாக, ஒரு சுற்று முடிய ஒரு மீட்டருக்கு மேல் போகிற மாதிரி சாய்த்துச் சுற்றி, முனைகளை இறுக்கிக் கட்டினோம். டிசைன் ஆபீஸிலிருந்து வந்த படத்திலும் அதேதான் இருந்தது. மறுநாள் அதே மத்தியானக் காற்று. குழாய் நின்ற இடத்தில் நின்றது. கயிறு குழாயைக் கொஞ்சம்கூடப் பலப்படுத்தவில்லை. சுழல்கள் குழாயின் நீளம் முழுக்க ஒரே நேரத்தில் கழன்றால்தான் இழுப்பு ஒன்றுசேரும். கயிறு இருக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் காற்று வேறு வேறு கோட்டில் பிரிகிறது, இழுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

ஆலைகளில் உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் திருகாணி மாதிரிச் சுற்றிப்போகும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். 1950களில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் கண்டுபிடித்தது. மூன்று தகடு, அகலம் புகைபோக்கி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, ஐந்து விட்டத்துக்கு ஒரு சுற்று. அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மரினா பேயில் இருக்கும் ஹீலிக்ஸ் பாலத்தின் சுருளும் இதற்குத்தானா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை, அது டிஎன்ஏ வடிவத்தைப் பார்த்து வைத்தது, பாலத்தைத் தாங்குவதும் அந்தச் சுருள்தான், காற்றுச் சுழலுக்காக வைத்தது இல்லை. அப்புறம், இந்தத் தகடு இலவசமும் இல்லை. சுழல் அடங்கும், ஆனால் காற்று புகைபோக்கியை நேராகத் தள்ளும் விசை கூடும். அதைத் தாங்க அஸ்திவாரம் வேண்டும்.

சுழல் வரிசையைப் பற்றிச் சொன்னால் கார்மனைச் சொல்லாமல் விட முடியாது. 1911 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், பேராசிரியர் பிராண்டலின் மாணவர் ஹீமென்ஸ் ஓடும் தண்ணீரில் ஒரு உருளையை வைத்து அழுத்தம் அளக்கப் பார்த்தார். ஓட்டம் நிதானமாக இருக்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்றார் பிராண்டல். தேய்த்துச் சரிசெய்தும் ஆடியது. கால்வாய் சமச்சீராக இல்லையோ என்று அதையும் சரிசெய்தார்கள், ஆட்டம் போகவில்லை. அங்கேயே இருந்த தியோடர் வான் கார்மன், இது உருளையின் குற்றமே இல்லை, ஓட்டத்தின் இயல்பே இதுதானோ என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். சுழல்கள் மாறி மாறி இரண்டு வரிசையாகப் போனால்தான் நிலைக்கும் என்று வந்தது. ஆலையில் நடுங்கும் குழாயைப் பார்த்து 'எங்கேயோ போல்ட் லூஸ்' என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஹீமென்ஸ் ஞாபகம்தான் வரும். பாவம்.

இப்போது அந்த வாட்ஸ்அப் பாலத்துக்கு வரலாம். டகோமா நேரோஸ், வாஷிங்டன் மாநிலம். 1940 ஜூலை 1இல் திறந்தார்கள், நவம்பர் 7இல் விழுந்தது. நடுத்தாங்கல், அதாவது இரண்டு கோபுரங்களுக்கு இடையே உள்ள நீளம், 853 மீட்டர். அன்றைக்குக் காற்று மணிக்கு 65 கிலோமீட்டர் பக்கம். நம் சுமத்ரா காற்றும் அந்த அளவைத் தொடும். எங்கள் பிரேஸ் கதைதான் அங்கேயும் என்றால் கணக்கு ஒத்துப்போக வேண்டும். பாலத்தின் ஓரத்துச் சுவர் மாதிரியான உத்தரத்தின் உயரம் 2.4 மீட்டர். 0.2 உருண்டைக் குழாய்க்கு, இந்த வடிவத்துக்கு எண் இன்னும் குறைவு; அதை வைத்துப் பார்த்தால் அந்தக் காற்றில் சுழல்கள் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று கழல வேண்டும். பாலம் முறுக்கிக்கொண்டு ஆடியதோ ஐந்து வினாடிக்கு ஒருமுறை. ஐந்து மடங்கு வித்தியாசம். ஒத்ததிர்வு என்று சொல்வதற்கு ஒத்துப்போகவே இல்லை. பில்லா, ஸ்கேன்லன் என்ற இருவர் 1991இல் இதை விரிவாக எழுதி, பாடப் புத்தகங்களைத் திருத்துங்கள் என்றே கேட்டார்கள். புத்தகங்கள் திருந்தியிருக்கலாம், வாட்ஸ்அப் திருந்தவில்லை.

அங்கே நடந்தது வேறு. திறந்த நாளிலிருந்து அந்தப் பாலம் மேலும் கீழுமாக அலைபோல ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குச் செல்லப்பெயர்கூட வைத்து, ஆட்டத்தை அனுபவிக்கவே ஜனங்கள் காரில் போனார்கள். அந்த ஆட்டம் வரும், போகும், யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நவம்பர் 7 காலை பத்து மணி வாக்கில் நடுவில் கம்பிவடத்தைப் பிடித்திருந்த பட்டை ஒன்று நழுவியது. உடனே ஆட்டம் முறுக்கலாக மாறியது. பாலத்தளம் கொஞ்சம் முறுகினால், அந்த முறுகலே காற்றின் போக்கை மாற்றுகிறது. மாறிய காற்று, தளம் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கமாக இன்னும் தள்ளுகிறது. திரும்பும்போதும் அப்படியே. சாதாரணமாக ஆட்டத்தைத் தணிக்க வேண்டிய காற்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் சக்தியை உள்ளே ஊற்றுகிறது. வெளியிலிருந்து வரும் தாளம் எதுவும் தேவையில்லை, பாலமே தன் தாளத்தைப் போட்டுக்கொள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இது ஆரம்பிக்கும். அதற்கு மேல் காற்று கூடக் கூட மோசமாகுமே தவிர நிற்காது. ஜன்னல் இல்லை, வாசற்படிதான். தாண்டினால் தாண்டியதுதான்.

2020 மே 5இல் சீனாவில் குவாங்டோங் மாகாணத்து ஹூமென் பாலம் ஆடியதையும் பலர் பார்த்திருப்பீர்கள். 888 மீட்டர் தாங்கல், 1997 முதல் ஒழுங்காக இருந்த பாலம். பராமரிப்பு வேலைக்காக ஓரமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளை வரிசையாக வைத்தார்கள். தளத்தின் வெளிவடிவம் மாறியது, அதனால் சுழல் கழலும் விதமும் மாறியது, சாதாரணக் காற்றிலேயே அலைபோல ஆட ஆரம்பித்தது. அன்றைக்கும் நம் குழுவில் "டகோமா மறுபடியும்" என்று வந்தது. இல்லை ஐயா. அது எங்கள் பிரேஸ் வகை. மேலும் கீழுமாக, அளவோடு. இடியவில்லை. தடுப்புகளை எடுத்தார்கள்.

ஆக, ஓட்டத்தால் ஏதாவது நடுங்கினால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஓட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகிறது? கூட்டும்போது ஒரு கட்டத்தில் அடங்கினால் ஜன்னல் வகை. வேகத்தை மாற்றலாம், கயிறு சுற்றலாம், பயம் குறைவு. கூட்டக் கூட ஏறிக்கொண்டே போனால் உடனே கையை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாது. வாட்ஸ்அப் விளக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அதனால்தான். அது வெறும் பாடப் பிழை இல்லை, ஆலையில் ஆளை அடிக்கும் பிழை.

ஜூரோங் தீவைப் பற்றி வெளியில் அதிகம் பேச முடியாது. பாஸ் இல்லாமல் பாலம் தாண்ட முடியாது, கேமரா போனுக்குத் தனிக் கெடுபிடி. ஏழு தீவுகளை மண் கொட்டிச் சேர்த்து ஒன்றாக்கிய இடம், இப்போது எங்கே பார்த்தாலும் குழாய். அங்கே வாசற்படி வகை அதிகம் ஒளிந்திருப்பது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள், அதாவது ஒன்றின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கலனுக்குள். பெரிய உருளைக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய டியூப்கள், நடுநடுவே தாங்கும் தகடுகள். டியூப்களுக்குக் குறுக்கே திரவம் ஓடும். ஒரு டியூப் லேசாக நகர்ந்தால் பக்கத்து டியூப்பைச் சுற்றிய ஓட்டம் மாறும், அது நகரும், அதனால் முதலாவது இன்னும் நகரும். ஒரு வேகம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. தாண்டினால் டியூப்கள் ஒன்றோடொன்று மோதித் தேயும், ஓட்டை விழும்.

கலிஃபோர்னியாவில் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தை மூடவைத்தது இதுதான். புத்தம் புதிய நீராவி ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றிலும் 9,700க்கும் மேற்பட்ட டியூப்கள். 2012 ஜனவரி 31இல் மூன்றாம் யூனிட்டில் ஒரு டியூப் கசிந்தது. அது ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திறந்து பார்த்தால் ஏராளமான டியூப்கள் தேய்ந்திருந்தன. யூ வடிவில் வளைந்த டியூப்கள் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கப் பட்டைகள் வைத்திருந்தார்கள். டியூப்களோ, வளைவு இருக்கும் தளத்திலேயே முன்னும் பின்னுமாக ஆடின. அந்தத் திசையில் பிடிக்க ஒன்றும் இல்லை. 2013 ஜூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

திசையைத் தவறவிட்ட இன்னொரு கதை ஜப்பானில். மொஞ்சு அணு உலை, 1995 டிசம்பர் 8. உலையின் சூட்டை எடுத்துப்போகும் சோடியம் ஓடும் குழாய்க்குள் வெப்பம் அளக்க நீட்டிவைத்த தெர்மோவெல், விரல் தடிமன் சமாசாரம். அதன் உடம்பு தடிமனாகவும் முனை மெல்லியதாகவும் இருந்தது, இரண்டும் சேரும் இடத்தில் படி மாதிரி ஒரு திடீர் மாற்றம். சுழல்கள் மாறி மாறிக் கழன்றால் குறுக்கே ஆடும் என்று மேலே சொன்னேன் இல்லையா? அதற்கும் குறைந்த வேகத்திலேயே, சுழல்கள் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கழன்று, ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டிவிடும். அந்தப் படியில் முனை ஒடிந்தது. சோடியம் கசிந்து தீப்பிடித்தது. உலைக்குள் போகாத இரண்டாம் சுற்றுச் சோடியம் என்பதால் கதிர்வீச்சு வெளியே வரவில்லை. ஆனால் உலை மறுபடி ஓட 2010 ஆனது, 2016இல் கைவிடுவதாக முடிவு செய்தார்கள். தெர்மோவெல்லுக்கான அமெரிக்க விதிமுறை 1974இல் வந்தது, அதில் இந்த முன்-பின் ஆட்டம் கணக்கில் இல்லை. 2010இல்தான் திருத்தி எழுதினார்கள். ஆலைக்குப் போனால் பழைய தெர்மோவெல்களின் படத்தைத்தான் முதலில் கேட்பேன். படம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

சத்தம் போடும் வகை ஒன்றும் உண்டு. காலி பாட்டில் வாயில் குறுக்கே ஊதினால் ஓசை வரும் இல்லையா, பெரிய குழாயிலிருந்து கிளைத்து வால்வோடு முடிந்துபோகும் குட்டைக் குழாயும் அதையே செய்யும். கிளை 1.2 மீட்டர், உள்ளே ஒலி வினாடிக்கு 400 மீட்டர் போகும் வாயு என்றால் 83 ஹெர்ட்ஸ், அடித்தொண்டையில் முனகும் சத்தம். சத்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. இல்லினாய்ஸில் குவாட் சிட்டீஸ் அணுமின் நிலையம் 2002இல் உற்பத்தியைச் சுமார் 18 சதவீதம் கூட்டியது. நீராவி வேகமாகப் போகவும், பாதுகாப்பு வால்வுகள் நிற்கும் கிளைக்குழாய்கள் ஊத ஆரம்பித்தன. அந்த ஓசையின் அழுத்தமே உலைக்குள் இருக்கும் நீராவி உலர்த்தியை ஆட்டி உடைத்தது. அந்தக் கிளைகளோடு ஓசையை உறிஞ்சும் சிறு குழாய்களைச் சேர்த்த பிறகுதான் தீர்ந்தது.

வீட்டிலும் உண்டு. எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு மலாய்க்காரப் பாட்டி, சமையலறைக் குழாய் ஊளையிடுகிறது என்று கூப்பிட்டார். பாதி திறந்தால் ஊளை, முழுக்கத் திறந்தால் அமைதி. உள்ளே வாஷர் தளர்ந்து படபடத்தது. மாற்றிக் கொடுத்தேன், தட்டு நிறைய குவே பலகாரம் வந்தது.

18 சதவீதக் கதையை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலைகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் உற்பத்தியைக் கூட்டும்போதுதான் தலைகாட்டும். பம்பு தாங்குமா, மோட்டார் தாங்குமா, வால்வு போதுமா என்று எல்லாம் பார்ப்பார்கள். டியூப்புக்கு வெளியே ஓடும் வேகம் எவ்வளவு ஏறும் என்று கடைசியில்கூடக் கேட்க மாட்டார்கள்.

சமீபத்தில் ஒரு ஆலையில் 15 சதவீதம் கூட்ட வேண்டும் என்றார்கள். எக்ஸ்சேஞ்சர் பழையது. ஷெல்லின் வெளிப்பக்கத்தில், உள்ளே தாங்கும் தகடுகளுக்கு நடுவில் வரும் இடங்களாகப் பார்த்து, சென்சார்களை ஒட்டினேன். கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் தம்பி, திருவாரூர்க்காரன், வாக்கி டாக்கியில். "அண்ணே, ரெண்டு பர்சன்ட் ஏத்தட்டா?" ஏற்று. கால் மணி நேரம் காத்திருப்போம். திரையில் கோடு கொஞ்சம் தடிக்கும், ஓட்டம் கூடியதால் வரும் சாதாரண இரைச்சல். மறுபடி ரெண்டு. எட்டு வரைக்கும் ஒழுங்காகப் போனது. பத்தில் கூர்கூராக முட்கள் எழுந்தன, ஒழுங்கில்லாமல் ஒன்றிரண்டு. டியூப் எதன் மேலோ மோதுகிறது. இரும்பில் காதை வைத்தால் உள்ளே யாரோ சோழி குலுக்குகிற சத்தம். "இன்னும் ரெண்டு ஏத்திப் பார்ப்போமாண்ணே, தாண்டிட்டா அடங்கிடுமோ?" என்றான். ஒரே ஒரு சதவீதம் ஏற்றச் சொன்னேன். முட்கள் இரட்டிப்பாயின. இறக்கு என்றேன், எட்டுக்கு.

மானேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஷட்டவுனில் மூடியைத் திறந்து, டியூப் வரிசைகளுக்கு நடுவே, தாங்கும் தகடுகள் இல்லாத நீளமான இடங்களில் நெளிவுள்ள இரும்புப் பட்டைகளைச் செருகினார்கள். டியூப்கள் தனியாக ஆட இடமில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இரண்டு டியூப்கள் ஏற்கெனவே பாதிச் சுவர் தேய்ந்திருந்தன, அவற்றை அடைத்துவிட்டார்கள். மறுபடி சென்சார் ஒட்டி, அதே மாதிரி ரெண்டு ரெண்டாக ஏற்றினோம். இப்போது 15இல் ஓடுகிறது.